மெர்சிங்கில் ஒரு போர் விமானம்

மெர்சிங் படகுத்துறைக்குப் போகும் வழியில் பஸ் நிற்கிறது. சாலையோரப் பூங்காவில், சிமெண்டு மேடை மேல் ஒரு பழைய போர் விமானம். அதன் வாலுக்கடியில் பெரிய இரும்புக் கொக்கி தொங்குகிறது. நிழலில் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர். அவர் மனைவி மேரி அவருக்கு மைலோ பானம் புகட்டிக்கொண்டிருக்கிறார்.

“அந்தக் கொக்கி எதுக்குங்க?” என்று கேட்கிறேன்.

“கப்பல் மேல இறங்குறப்போ கம்பியில மாட்டி நிக்கிறதுக்கு. முதல்ல அமெரிக்காக்காரன் கப்பல்ல இருந்துச்சு. அப்புறம் நம்ம நாட்டுல வாங்குனாங்க. இங்க ரன்வே நீளம் லா, கொக்கிக்கு வேலையே இல்ல. இந்த விமானங்களுக்கு இவருதான் மெக்கானிக்.”

மேரி குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். ஒருநாள் இவர் சரிபார்த்து அனுப்பிய, இதேபோன்ற விமானம் ஒன்று கடல் பக்கம் போய்த் திரும்பவேயில்லை. பைலட்டும் கிடைக்கவில்லை. இவர் மேல் தப்பில்லை என்று விசாரணையில் சொன்னார்கள், இவர்தான் நம்பவில்லை. இப்போது மறதி நோயில் பிள்ளைகள் பெயர்கூடப் போய்விட்டது. அது மட்டும் போகவில்லை.

பெரியவர் விமானத்தை அண்ணாந்து பார்க்கிறார். “வந்துட்டாரா?”

“வந்துட்டாருங்க. இப்பத்தான் இறங்கி சாப்பிடப் போனாரு,” என்கிறார் மேரி.

பெரியவரின் தோள்கள் மெல்லத் தளர்கின்றன.

“நல்லா சாப்பிடச் சொல்லு,” என்கிறார்.