எண்ணூர்க் குப்பத்தில் ராக்கெட் பார்த்தது

பயணக் கட்டுரை எழுதும் தகுதி எனக்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்தது பத்தாவது. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இமயமலைக்கும் வெளிநாட்டுக்கும் போனவர்கள் எழுதுகிற இடத்தில், மாத்தூரிலிருந்து எண்ணூர் வரை பதினெட்டு கிலோமீட்டர் போய் வந்ததை எழுதுவது அதிகப்பிரசங்கம்தான். ஆனால் அங்கே நடந்ததைப் பற்றி ஒரு வீடியோ இப்போது சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் இல்லாத ஒரு விஷயம் எனக்குத் தெரியும். அதற்காக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை 8.40-க்கு நானும் என் மனைவி கஸ்தூரியும் மாத்தூரில் ஷேர் ஆட்டோ ஏறினோம். மணலி மார்க்கெட் வரை நாலு கிலோமீட்டர், ஆளுக்கு இருபது ரூபாய். கஸ்தூரியின் மடியில் அரைக் கிலோ மைசூர்பாகு இருந்தது. அவளுடைய தம்பி டில்லிக்கு. போன மாதம் என் பிறந்தநாளுக்கு வாங்கியது கால் கிலோ.

டில்லி எண்ணூரில் ஃபைபர் படகு வைத்து மீன் பிடிக்கிறான். மூன்று நாளுக்கு முன் அவன் வலையில் மீனுக்குப் பதிலாக ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சாமான் மாட்டியது. அதைக் கரைக்கு இழுத்து, ஸ்ரீஹரிகோட்டாவில் விட்ட ராக்கெட்டின் துண்டு என்று அவன் பேசிய வீடியோவைக் கஸ்தூரி எத்தனை முறை பார்த்தாள் என்று எனக்குக் கணக்கில்லை. சமையலறையிலிருந்து அவன் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"எண்ணூருக்கா? அந்த ராக்கெட்டு பாக்கவா?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"என் தம்பி வலையிலதான் மாட்டுச்சு," என்றாள் கஸ்தூரி.

"டில்லி அண்ணனுக்கு அக்காவா நீ? இன்னாம்மா பேசறாரு அந்த ஆளு!" என்று அவர் வண்டியின் வேகத்தையே குறைத்துவிட்டார். "கரெக்டாத்தான் கேக்கறாரு. நாளைக்கு மழைன்னு இஸ்கோலுக்கு லீவு வுடறான். விடிஞ்சா சுள்ளுனு வெயில் அடிக்குது. நம்ம தலைக்கு மேல மழை பெய்யுமான்னு தெரியாதவன், செவ்வாய்ல தண்ணி கீதுன்றான். எவன் போய் பாத்தான்?"

வண்டியில் இருந்த ஏழு பேரும் சிரித்தார்கள். எனக்கு ஒன்று சொல்லத் தோன்றியது. நான் மணலியில் ஒரு பட்டறையில் சிலிண்டர் சோதனை செய்கிறேன், இருபத்தேழு வருடமாக. சிலிண்டருக்குள் யாரும் புகுந்து பார்ப்பதில்லை. தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றுவோம். இரும்பு எவ்வளவு விரிந்தது, எவ்வளவு திரும்பச் சுருங்கியது என்பதை, சுற்றியுள்ள தொட்டியில் ஏறி இறங்கும் தண்ணீரை அளந்து சொல்லிவிடுவோம். போய்ப் பார்க்காமலும் தெரிந்துகொள்ளலாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மணலி வந்துவிட்டது.

9.20-க்கு மணலியில் பஸ். திருவொற்றியூர் ஆறு கிலோமீட்டர். எனக்குப் பத்து ரூபாய், கஸ்தூரிக்குப் பெண்கள் டிக்கெட், இலவசம். அங்கிருந்து எண்ணூருக்கு எட்டு கிலோமீட்டர், மறுபடி ஷேர் ஆட்டோ, ஆளுக்கு முப்பது. இந்த எட்டுக் கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிடம் ஆயிற்று. துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் ஒரு பக்கத்தை அடைத்து நின்றன. லாரிகளின் நிழலில் டிரைவர்கள் ஸ்டவ் மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம் கருங்கல் தடுப்பு, அதற்கப்பால் கடல். கஸ்தூரி கடலைப் பார்த்து உற்சாகமாக இருந்தாள். நான் பார்க்கவில்லை.

10.45-க்குக் குப்பத்தில் இறங்கினோம். வலை காயப்போடும் இடத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். நடுவில் அந்தச் சாமான் கிடந்தது. ஐந்தடி நீளம், மேலெல்லாம் சிப்பியும் பாசியும், அதன்மேல் ஊர்க்காரர்கள் போட்ட மாலை. ஒரு முனை முட்டையின் அடிபோல வழவழவென்று வளைந்திருந்தது. மறுமுனையில் முறுக்கிக்கொண்ட செப்புக்குழாய், உடைந்த இரும்புச் சட்டம். செம்பு இன்னும் களவு போகாமல் இருந்ததற்குக் காரணம், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த போலீஸ்காரர். சுற்றி நூறு பேருக்குமேல் இருக்கும். நகரத்துக்குள்ளிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். சுண்டல் வண்டி ஒன்றும் வந்திருந்தது.

டில்லி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருந்தான்.

"நாம வலைய வீசறோம். காத்து பாக்கறோம், நீரோட்டம் பாக்கறோம், எங்க வுழும்னு நமக்குத் தெரியும். இவன் மேல வீசறான். எங்க வுழும்னு அவனுக்கே தெரியல. கீழ வுழறது தெரியாதவன் மேல கீறத இன்னா சொல்றது? நட்சத்திரம் இத்தினி கோடி மைலுன்றான். டேப்பு வெச்சு அளந்தானா?"

கைதட்டினார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்தினான். "வாங்க மாமா! இவருதான் எங்க அக்கா வூட்டுக்காரரு. கல்யாணமான புதுசுல என் போட்டுல ஏறினாரு. கரை தாண்டி ஒரு பர்லாங்கு போவல. குடிச்ச காப்பியில இருந்து கல்யாணத்துல துன்ன லட்டு வரைக்கும் கடல்ல போட்டாரு. அன்னிக்குப் பூரா மீனு நம்ம போட்ட வுட்டு நவுரவே இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள், கஸ்தூரியும்தான். இந்தக் கதையைப் பத்தொன்பது வருடமாகக் கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று சேர்ப்பான். மீன் விஷயம் அன்றைக்குச் சேர்ந்தது. நான் சொன்னால் செத்துப்போகிற கதை, அவன் வாயில் எப்படி இப்படி எழுந்து நடக்கிறது என்று நினைத்தபோது வயிறு எரிந்தது. எழுதுவது என்று உட்கார்ந்தபின் இதை மறைத்துப் பயனில்லை.

11.15 இருக்கும். கூட்டம் டீ குடிக்கக் கலைந்தது. நான் குனிந்து பார்த்தேன். குழாய் முறுக்கியிருந்த பக்கத்தில், கழுத்து குறுகித் தோள் இறங்குகிற வளைவைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. வலைக்கயிற்றை அறுத்த இடத்தில் சிப்பி கொஞ்சம் பெயர்ந்திருந்தது. கட்டைவிரலால் தேய்த்தேன். எண்கள் தட்டுப்பட்டன. ஒன்பது, ஒரு கோடு, பத்தொன்பது. இரண்டு ஒன்பதுக்கும் வால் இல்லை.

எங்கள் பட்டறையில் சோதனை முடிந்த மாதத்தையும் வருடத்தையும் சிலிண்டரின் தோளில் உளிபோன்ற எண் அச்சை வைத்துச் சுத்தியலால் அடிப்போம். ஒன்பதுக்கான அச்சில் வால் உடைந்து பல வருடமாகிறது. அதை அடிப்பவன் நான் ஒருவன்தான். அந்தச் சாமான், ஏதோ கப்பலில் தீயணைக்க வைத்திருந்த வாயுச் சிலிண்டர். கப்பல் சிலிண்டர்கள் துறைமுகத்திலிருந்து எங்களிடம்தான் வரும்.

இருபத்தேழு வருடத்தில் என் கைவேலையை ஊரே கூடி நின்று பார்த்தது இதுதான் முதல் தடவை. அதுவும் டில்லியின் ராக்கெட்டாக.

ஒரு மணிக்கு ஏவுதளத்திலிருந்து அதிகாரி வருவதாகவும், அதை யூடியூப் சானல்காரர் ஒருவர் படம் பிடிக்கப்போவதாகவும் கஸ்தூரி சொல்லியிருந்தாள். கேமரா முன் டில்லி பேசி, பிறகு இது சிலிண்டர் என்று தெரிந்தால் அவனால் தெருவில் நடக்க முடியாது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும், அது நடந்துவிடும். அப்படி நடந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அந்த நினைப்பு பயமுறுத்தியதால்தான் அவனைப் படகுக்குப் பின்னால் கூப்பிட்டேன்.

"மச்சான், அது ராக்கெட் இல்ல. கப்பல் சிலிண்டரு. நானே டெஸ்ட் பண்ணி நம்பர் அடிச்சது."

அவன் என்னையே பார்த்தான். கோபப்படவில்லை. "மாமா, நீ நல்ல மன்சன். ஆனா உனக்கு வயித்தெரிச்சல். அக்கா கல்யாணத்துல இருந்து பாத்துகினு கீறேன். நான் நாலு பேராண்ட பேசினா உன் மூஞ்சி சுண்டிப்பூடும்."

"அது வேற, மச்சான். நம்பரு..."

"ஆயிரம் கம்பெனியில ஒம்போது அடிப்பான். போய் சாப்பிடு மாமா."

அவன் போய்விட்டான். நான் சொன்னதும் உண்மை, அவன் சொன்னதும் உண்மை. பொறாமைக்காரன் சொல்வது பொய்யாகத்தான் இருக்கும் என்று அவன் எடுத்துக்கொண்டான். நானே அவன் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். சாப்பாட்டில் சங்கரா மீன் வறுவல் நன்றாக இருந்தது என்று கஸ்தூரி சொன்னாள்.

1.05-க்கு ஜீப் வந்தது. இறங்கியது முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் அதிகாரி. கையுறை மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். காந்தம் ஒன்றை வைத்தார். டக்கென்று ஒட்டியது.

"இன்னா மேடம், உங்க சாமான்தான்?" என்றான் டில்லி. கேமரா அவன் பக்கம் திரும்பியது.

"தெரியாது அண்ணா. காந்தம் ஒட்டுது. எங்க பாகத்துலயும் சிலது ஒட்டும், ஒட்டாததும் இருக்கு. எத்தனை நாள் கடல்ல கெடந்திருக்கும்?"

"ஒரு வருசத்துக்கு மேல. ஓடு ஒட்டினத பாத்தா தெரியாது?"

"அது உங்களுக்குத்தான் தெரியும். எழுதிக்கறேன்," என்று எழுதிக்கொண்டார்.

"மேடம், சூரியனுக்குள்ள இன்னா எரியுதுன்னு சொல்றீங்க. உங்க வூட்டு சாமான் உங்களுதா இல்லியான்னு தெரியாதுன்றீங்களே."

குப்பமே சிரித்தது. பின்னாலிருந்து யாரோ விசிலடித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தார். "தெரியாதது நிறைய இருக்குண்ணா. அதுக்குத்தான் சம்பளம் குடுக்கறாங்க. எடுத்துனு போய் பாத்துட்டு சொல்றேன்."

நூறு பேர் முன்னால், கேமரா முன்னால், தெரியாது என்று இப்படிச் சாதாரணமாகச் சொல்ல முடியுமா? பட்டறையில் நான் ஒரு முறை தெரியவில்லை என்று சொன்னால் முதலாளி சாயங்காலம் வரை திட்டுவார். தெரிந்ததைச் சொல்லவும் எனக்கு வாய் வராது. டில்லியிடம் பட்ட பொறாமையைவிட அந்தப் பெண்ணிடம் பட்டது அதிகம்.

அப்போது நான் முன்னால் போனேன். அவருக்காகப் போனேனா, டில்லியின் வாயை அடைக்கப் போனேனா என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. தோளில் விரலை வைத்து, "இங்க சுரண்டுங்கம்மா. ஒம்போது, பத்தொம்போது இருக்கும். ஒம்போதுக்கு வால் இருக்காது. கீழ வட்டத்துக்குள்ள எங்க பட்டறை முத்திரை இருக்கும்," என்றேன்.

சுரண்டினார். எல்லாம் இருந்தது. வட்டமும் இருந்தது.

டில்லியின் முகம் வெளுத்துவிட்டது. ஒரு மீன்காரம்மா, "அடப்பாவி, மூணு நாளா சிலிண்டருக்கா மாலை போட்டோம்?" என்றாள். சிரிப்பு அவன் பக்கம் திரும்பியது. நான் இத்தனை வருடம் விரும்பியது இதுதான். ஆனால் அவன் கழுத்து நரம்பு துடிப்பதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அது மூன்று நொடிகூட நீடிக்கவில்லை. டில்லி என் கையைப் பிடித்து உயரத் தூக்கினான்.

"பாத்தீங்களா? பத்தாவது படிச்ச எங்க மாமா! வெறும் விரலால தொட்டு சொல்ட்டாரு. காந்தம் வெச்சவங்களுக்குத் தெரியல, கம்ப்யூட்டர் வெச்சவங்களுக்குத் தெரியல! இவங்கதான் நிலாவுல இன்னா கீதுன்னு சொல்லப் போறாங்களா?"

கைதட்டல் என் காதை அடைத்தது. யாரோ சிலிண்டர்மேல் கிடந்த மாலையை எடுத்து என் கழுத்தில் போட்டார்கள். கஸ்தூரி முன்வரிசைக்கு வந்து நின்று என்னைப் பார்த்தாள். அவள் என்னை அப்படிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

சொல்ல வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். நான் அடித்த எண் என்பதால் எனக்குத் தெரிந்தது. வேறு பட்டறை முத்திரையாக இருந்திருந்தால் நானும் தெரியாது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பெண் செய்ததுதான் சரியான முறை. நாங்கள் சோதனை செய்வதும் அப்படித்தான், அளக்காமல் சொல்ல மாட்டோம். மூன்று வாக்கியம் போதும். கேமரா என் முகத்துக்கு நேராக இருந்தது. நான் சொல்லவில்லை. கூச்சம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அன்று நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை. கைதட்டல் இனிப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பெண் என்னைத் தனியாக ஜீப்பண்டை கூப்பிட்டுப் பெயர் எழுதிக்கொண்டார். எத்தனை கிலோ அழுத்தம் கொடுப்பீர்கள், எவ்வளவு நேரம் நிறுத்துவீர்கள், விரிவை எப்படி அளப்பீர்கள் என்று கேட்டார். இருநூற்றைம்பது கிலோ, தொட்டி முறை என்று எல்லாம் சொன்னேன். என் வேலையைப் பற்றி என்னிடம் இவ்வளவு கேட்டவர் வேறு யாரும் இல்லை. "ரொம்ப உதவி சார்," என்று சொல்லி ஏறினார். ஜீப் கிளம்பும்போது கூட்டம் ஊளையிட்டது. மாலையோடு நின்றுகொண்டிருந்தேன்.

3.10-க்குத் திரும்பினோம். வந்த அதே வழி, அதே கட்டணம். திருவொற்றியூர் வரை டில்லியும் கூட வந்து எங்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்தான். ஷேர் ஆட்டோவில் என் கதையைச் சொன்னான். விரலை வைத்ததும் இரும்பு அதிர்ந்ததாம். கேட்டவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என்னைப் பற்றிய கதையையும் அவன்தான் நன்றாகச் சொன்னான்.

எண்ணூரில் கடற்காற்று உண்டு, மாத்தூரில் கிடையாது. எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்தும் ராக்கெட் போவது தெரியும், வடக்கே, ஒரு விரல் நீளத்துக்குப் புகை. நாலைந்து முறை தனியாக நின்று பார்த்திருக்கிறேன். அதற்குள் என்ன இருக்கிறது என்று யாரிடமும் கேட்டதில்லை. அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்கலாம். ஜீப்பண்டை பத்து நிமிடம் நின்றும் பேசியது என்னைப் பற்றி மட்டும்தான்.

மறுநாள் திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். பட்டறையில் எல்லோரும் வீடியோ பார்த்திருந்தார்கள். இருபத்திரண்டு சிலிண்டர் சோதித்தோம், இரண்டு தேறவில்லை.