போர்வையின் நான்கு மூலைகள்

ஃபக்ரி எங்கள் வீட்டுக்குக் கீழ்மாடியில் இருக்கிறாள். தெஹ்ரானின் ரொட்டிக் கடை வரிசையில்கூடப் பிறருக்கு வழிவிட்டு நிற்பவள். அவள் கணவர் எஸ்மாயிலுக்குச் சர்க்கரை நோயால் கால்விரல் ஒன்றை எடுத்தாயிற்று. ஆனாலும் வாயில் சர்க்கரைக் கட்டி இல்லாமல் அவருக்குத் தேநீர் இறங்காது. உலர்ந்த வெள்ளை மல்பெரி கிடைத்தால் மட்டும் கட்டியைத் தொடமாட்டார்.

பூங்காவில் மல்பெரி பழுப்பது பதினைந்து நாள்தான். அதற்குள் குளிர்காலத்துக்கு நான்கு ஜாடி சேர்ப்பதென்று ஃபக்ரி முடிவெடுத்தாள்.

முதல் நாள் காலை மரத்தடியில் போர்வையை விரித்துக் கிளையை உலுக்கினாள். பழங்கள் பொலபொலவென்று விழுந்தன. பாதி புல்லில் போயிற்று. கையில் தின்பண்டம் இருக்கும்போது எதிரில் வருபவரை அழைக்காமல் இருக்க எங்களுக்குத் தெரியாது. வழக்கமாக அவரும் மூன்று முறை மறுத்துவிட்டுப் போய்விடுவார். பூங்காப் பழத்தையோ ஒருவரும் ஒரு முறைகூட மறுப்பதில்லை.

“எடுத்துக்கோங்கண்ணா.”

“நீங்க சொல்லி மறுக்க முடியுமாம்மா!” என்று ஓட்டப்பயிற்சிக்கு வந்த பெரியவர் இரண்டு கையாலும் அள்ளினார்.

அரைக் கிண்ணத்தோடு திரும்பியவளை எஸ்மாயில் வாயில் கட்டியோடு கேட்டார்: “மரத்தை உலுக்குனியா, வேடிக்கை பாத்துட்டு வந்தியா?”

மறுநாள் இன்னும் முன்னதாகப் போனாள். உடற்பயிற்சிப் பெண்கள் அதற்கும் முன்னதாக வந்திருந்தார்கள்.

“கண்ணை மூடிக்கிட்டு உலுக்கு. யாரையும் கூப்பிடாதே” என்றேன்.

“என் வாய் கேக்காதுக்கா.”

நான்காம் நாள் நானும் கூடப் போனேன். அதே பெரியவர் பழம் அள்ளக் குனிந்தார். ஃபக்ரி போர்வையின் ஒரு மூலையை அவர் கையில் திணித்தாள்.

“சாப்பிடுங்கண்ணா. முதல்ல இதைத் தூக்கிப் பிடிங்க.”

“நான் ஓட வந்தவம்மா!”

“மரமும் ஓடாது, நீங்களும் கொஞ்சம் ஓடாம நில்லுங்க.”

உடற்பயிற்சிப் பெண்கள் சிரித்துக்கொண்டே இரண்டு மூலைகளைப் பிடித்தார்கள். நான்காவது எனக்கு. ஃபக்ரி கொக்கிக் கம்பால் உலுக்க உலுக்க, ஒரு பழம்கூட மண்ணில் விழவில்லை. அவர்கள் தின்றது போகவும் ஒரு வாளி நிறைந்தது. அதன்பின் நாள்தோறும் அப்படித்தான்.

மொட்டைமாடியில் காயவைத்து எடுத்தபோது மூன்றரை ஜாடிதான் தேறியது.

“கடைசி மாசத்துக்குப் பத்தாதே?” என்றார் எஸ்மாயில்.

“அப்ப வெறும் டீ குடிங்க” என்றாள் ஃபக்ரி. சர்க்கரைக் கிண்ணத்தை அன்றே என்னிடம் கொண்டுவந்தாள். “அவர் கேட்டா குடுத்துராதீங்கக்கா.”

குளிர்காலத்தில் அவர் மூன்று முறை மாடியேறி வந்து கேட்டார். மூன்று முறையும் மறுத்துவிட்டேன்.