கிண்ணியாவில் ஒரு விரல் இடம்: கூனிச் சம்பலும் நானும் இருபத்தொரு நாளும்

கோயம்புத்தூரில் ஓர் ஊறுகாய்த் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடமாகத் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறுதொழில் செய்யும் இளைஞர்களுக்குக் கைகொடுக்க மூன்று வாரம் சொந்தச் செலவில் வரமுடியுமா என்று திருகோணமலையில் இயங்கும் ஒரு சிறு தொண்டுக் குழு கேட்டபோது, யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன். சேர்த்துவைத்த விடுப்பு வீணாகிறதே என்ற ஆதங்கமும் ஒரு காரணம். போன ஜூலையில் கிளம்பினேன்.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு ஒன்றேகால் மணி நேரம். யாழ்ப்பாணத்தில் ஒரு நாள் தங்கி, மறுநாள் காலை ஏழு மணிக்குத் திருகோணமலைப் பேருந்தைப் பிடித்தேன். சுமார் 235 கிலோமீட்டர். எவ்வளவு நேரமாகும் என்று நடத்துநரிடம் கேட்டேன். "ஆறு மணித்தியாலம் அக்கா. சாப்பாட்டுக்கு நிப்பாட்டினா ஆறரை" என்றார். நிப்பாட்டினார். ஒன்றரை மணிக்கு இறங்கினேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு நாளைக்கு 3,500 இலங்கை ரூபாய்க்கு அறை. காலையில் சன்னலைத் திறந்தால் குடாவில் கப்பல் நிற்கும். அந்த வாடகைக்கு இது அதிகப்படி.

எனக்கு ஒதுக்கப்பட்டவர் பர்சானா. இருபத்தாறு வயது. வீடு கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில். கூனி என்கிற பொடி இறாலைக் காயவைத்து, செத்தல் என்கிற காய்ந்த மிளகாயும் வெங்காயமும் புளியும் போட்டு எண்ணெயில் வதக்கிச் சம்பல் செய்து, போத்தலில் அடைத்து விற்கிறார். முதல் கரண்டியிலேயே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாதி காரத்தால், பாதி பொறாமையால். எங்கள் தொழிற்சாலை தலைகீழாக நின்றாலும் அந்த ருசி வராது.

நிலாவெளியில் ஒரு ஹோட்டல், போத்தல் கசியாமல் இருந்தால் மாதம் 150 போத்தல் எடுப்பதாகச் சொல்லியிருந்தது. பர்சானாவுக்கு அது வெறும் வியாபாரமில்லை. கணவர் நௌபர் நான்கு வருடமாகக் கட்டாரில் வேலை செய்கிறார். ஜூலை முடிவதற்குள் அடுத்த இரண்டு வருடத்துக்கான ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போடவேண்டும். ஹோட்டல் ஆர்டர் கிடைத்தால் போடவேண்டாம், ஊருக்கே வந்துவிடலாம் என்று இருவரும் பேசிவைத்திருந்தார்கள். மகளுக்கு மூன்று வயது. வாப்பாவை அவள் போனில்தான் பார்த்திருக்கிறாள். இதை முதல் நாளே சொல்லிவிட்டு, "மிஸ், என்னால ஏலும் தானே?" என்று கேட்டார். முடியும் என்று வாக்குக் கொடுத்தேன்.

தினமும் திருகோணமலையிலிருந்து எட்டு மணிப் பேருந்து. சீனக்குடா தாண்டி, நீளமான கிண்ணியாப் பாலத்தில் ஏறினால் ஒரு பக்கம் விரிகுடா, மறுபக்கம் களப்பு என்கிற காயல். இருபது கிலோமீட்டருக்கு 120 ரூபாய், முக்கால் மணி நேரம். அங்கிருந்து குறிஞ்சாக்கேணிக்கு ஆட்டோவில் 300 ரூபாய். பேரம் பேசப்போனேன். "நீங்க பர்சானா வீட்டுக்குத் தானே? அப்ப இருநூற்றைம்பது" என்று ஓட்டுநரே குறைத்துக்கொண்டார். கோவையில் பேரம் பேசிப் பழகிய நான் நன்றி சொல்லி ஏறிக்கொண்டேன்.

போத்தல் அடைப்பது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. சம்பலைக் கொதிக்கக் கொதிக்க நிரப்பி, வாய்க்குக் கீழே ஒரு விரல் இடம் விட்டு மூடவேண்டும். ஆறும்போது மூடியின் நடுப்பகுதி உள்வாங்கும். அப்படி உள்வாங்கினால்தான் காற்றும் புகாது, எண்ணெயும் கசியாது. பர்சானா ஒருமுறை சொன்னதும் பிடித்துக்கொண்டார். முதல் பத்துப் போத்தலை அடைத்துவிட்டு நான் நிம்மதியாக அறைக்குத் திரும்பினேன். மறுநாள் அவை ஹோட்டலுக்குப் போயின.

ஐந்தாம் நாள் பத்தும் திரும்பி வந்தன. மூடியோரம் எண்ணெய் வழிந்து, லேபிள் ஊறி, பார்க்கவே சகிக்கவில்லை. ஹோட்டலில் கொள்முதல் பார்ப்பவர் சாம்பல்தீவுக்காரர், நல்ல மனிதர். ருசிக்காக இன்னும் ஒரேயொரு தடவை பார்க்கிறேன், அதுவும் வியாழக்கிழமைக்குள் வரவேண்டும், ஒரு வாரம் படுக்கவைத்துப் பார்த்துத்தான் சொல்வேன் என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். மூடி மட்டமென்று திட்டிவிட்டு வேறு மூடி வாங்கினேன். போத்தலைக் கூடுதல் நேரம் கொதிக்கவைத்தேன். கடைசியில், இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, சொன்ன அளவில் நிரப்பவில்லையா என்று பர்சானாவைக் கடிந்துகொண்டேன். அவர் என் கண்முன்னே மறுபடி பத்துப் போத்தலை அடைத்துக் காட்டினார். ஒரு குறையும் இல்லை.

மறுநாள் தூக்கம் பிடிக்காமல் 6.40 பேருந்திலேயே போய்விட்டேன். குசினியில், அதாவது சமையலறையில், பர்சானாவின் மாமி உட்கார்ந்திருந்தார். நௌபரின் தாய், ஐம்பது தாண்டியவர், கணீரென்ற குரல். முன்னால் முந்தைய நாள் அடைத்த பத்துப் போத்தலும். ஒவ்வொரு மூடியையும் டக்கென்று திறந்து, ஆறிய சம்பலை மேலே ஒரு கரண்டி போட்டு, விளிம்புவரை அழுத்தி நிரப்பி, துடைத்து மூடிக்கொண்டிருந்தார். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நான் வாசலிலேயே நின்றேன். அவர் முகத்தில் களவின் அறிகுறியே இல்லை.

"வாங்க மிஸ். பாருங்க, இவ எல்லாத்தையும் குறைச்சுப் போட்டிருக்கா. நீங்களும் கவனிக்கல்ல போல. போன தடவையும் நான்தான் நிறைச்சு விட்டன்" என்றார்.

அப்படியே நெற்றியில் அடித்துக்கொண்டேன். மாமி வீட்டிலேயே அரிசி விற்கிறவர். அங்கே அரிசி அளப்பது சுண்டு என்கிற, பால் டின் அளவுள்ள ஒரு கோப்பையால். அதைத் தலைதட்டி அளப்பது அவர்கள் வழக்கத்தில் இல்லை, குவித்துத்தான் போடுவார்கள். அப்படிப்பட்டவர் கண்ணில், கழுத்து வெறுமையாக இருக்கும் போத்தல் பட்டால் என்னவாகும்? காற்று, மூடி, உள்வாங்குதல் என்று அரைமணி நேரம் பாடம் எடுத்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"விளங்குது மிஸ். ஆனா அளவுல குறைச்சுக் குடுத்தா மறுமையில நீங்களா வந்து பதில் சொல்லுவீங்க?"

சத்தத்துக்குப் பர்சானா எழுந்து வந்துவிட்டார். விஷயம் புரிந்ததும் மாமியிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்த தராசை எடுத்துவந்தார். ஒரு வெறும் போத்தலை நிறுத்தார். மாமி இன்னும் தொடாத கடைசிப் போத்தலைத் திறந்து, சம்பலோடு நிறுத்தார். கழித்துப் பார்த்தால் 186 கிராம். லேபிளில் எங்கள் கைப்பட எழுதியிருந்தது 200.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. எங்கள் தொழிற்சாலைப் போத்தலில் இடம் விட்டு நிரப்பினால் சரியாக 200 வரும். இந்தப் போத்தல் அதைவிடச் சிறியது. அதை ஒருமுறைகூட நான் நிறுத்துப் பார்க்கவில்லை! தரக்கட்டுப்பாடாம், பன்னிரண்டு வருடமாம். மாமி மட்டும் நிரப்பாமல் விட்டிருந்தால், கசியாத போத்தலில் குறைந்த சம்பலை விற்றிருப்போம். மாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். பர்சானாவிடமும் கேட்டேன். அசடு வழிய நிற்பது என்றால் என்னவென்று அன்று தெரிந்தது.

பர்சானா அதற்குள் அடுத்ததை யோசித்துவிட்டார். "பெரிய போத்தல் எடுப்பம். லேபிள்ல இருநூறு எண்டே இருக்கட்டும், உள்ள இருநூற்றிப் பத்துப் போடுவம். மறுகா மேல இடமும் இருக்கும், அளவும் கூட இருக்கும். தராசு தாழ்ந்தாச் சரிதானே மாமி?"

மாமி கொஞ்ச நேரம் பெரிய போத்தலை மனதிலேயே நிரப்பிப் பார்த்தார். "தாழ்ந்தாச் சரி" என்றார்.

திருகோணமலைக் கடைத்தெருவில் அன்றே பெரிய போத்தல் வாங்கினோம். பத்தையும் பர்சானா நிரப்பினார், மாமி நிறுத்தார், நான் பக்கத்தில் வாய்மூடி நின்றேன். ஆறும்போது மூடிகள் ஒவ்வொன்றாக உள்வாங்கின. மாமி ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்துச் சிரித்தார். வியாழக்கிழமை காலை போத்தல்கள் நிலாவெளிக்குப் போயின. ஆட்டோவில் பதினைந்து கிலோமீட்டருக்கு 1,800 ரூபாய். இந்தத் தடவை பேரமே பேசவில்லை.

ஒரு வாரம் கழித்து மூவரும் போனோம். சாம்பல்தீவுக்காரர் பத்துப் போத்தலையும் மேசையில் வரிசையாக வைத்திருந்தார். ஒரு துளி எண்ணெய் வெளியே இல்லை. ஒன்றைத் திறந்து, சம்பலைத் தட்டில் கொட்டி, அவருடைய மின்தராசில் வைத்தார். 210. இன்னொன்றைத் திறந்தார். 211.

"பிள்ளை, பத்துக் கிராம் கூடப் போகுது. தெரியுமோ?"

"ஓம், தெரியும்" என்றார் பர்சானா.

மாதம் 150 என்றவர் 200 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்குச் சந்தோஷத்தில் கத்தவேண்டும் போலிருந்தது. ஹோட்டல் என்பதால் அடக்கிக்கொண்டேன். பர்சானா தாளை மாமியிடம் கொடுத்துவிட்டு, வெளியே மரநிழலில் நின்று கட்டாருக்குப் போன் போட்டார். சலாம்கூட முழுதாகச் சொல்லவில்லை.

"கையெழுத்து வைக்காதீங்க" என்றார். "வாங்க."

மாமி தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார். நான் கடலைப் பார்ப்பதுபோலத் திரும்பி நின்று நன்றாக அழுதேன்.

இப்படிப் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். தொண்டு வேலைக்கு எந்த விசா வேண்டுமென்று அழைக்கும் குழுவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சுற்றுலா விசாவில் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். கிழக்கில் ஜூலை, ஆகஸ்டில் கடல் அமைதி, வெயில் கடுமை. கிண்ணியாவில் வெள்ளிக்கிழமை நண்பகலில் எந்த வேலையும் வைக்காதீர்கள், அது தொழுகை நேரம். கைமூடிய உடையும் ஒரு துப்பட்டாவும் இருந்தால் எந்த வீட்டுக் குசினிக்குள்ளும் தயக்கமில்லாமல் போகலாம். மூன்று வாரத்துக்குக் குறைவாகப் போகாதீர்கள். முதல் வாரம் முழுக்க நாம் தப்பாகத்தான் சொல்லிக்கொண்டிருப்போம். ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்ன வீட்டுக்கு ஒருநாளாவது ஏழரைக்குப் போய் நில்லுங்கள். சொல்லிக்கொடுக்கிறவள் நான் என்ற நினைப்போடு போனவள், எடை போடக் கற்றுக்கொண்டு திரும்பினேன். அதைச் சொல்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

போன வாரம் பர்சானா வீடியோ அழைப்பில் வந்தார். பின்னால் நௌபர் போத்தல்களை நிரப்பிக்கொண்டிருந்தார், தோளில் மகள். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள், படத்தில் தெரியாத இடத்திலிருந்து மாமியின் குரல் வந்தது.

"மகன், தராசு இன்னும் தாழல்ல."