என் கால் மேல் வந்த வழக்கு

இடுப்பு வலிக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் இரக்கத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வருகிறது. வலிக்கிறவர் மேல் அல்ல. எங்கே பிடித்தது, எப்போது பிடித்தது, யார் சாட்சி என்று அடுத்துக் கேட்கப் போகிறவர்கள் மேல்.

நான் பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால்தான் முதலில் வந்ததாம். அம்மாவின் உயிர் போய்த் திரும்பி வந்த அந்தச் சமாசாரம் எனக்கு ஒரு பட்டமாகிவிட்டது. அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மண்ணரையில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆட்கள் வருவார்கள். நாளெல்லாம் குனிந்து தைக்கிறவர்கள், நின்றே செக்கிங் பார்க்கிறவர்கள், பண்டல் ஏற்றுகிறவர்கள். பாயில் குப்புறப் படுப்பார்கள். மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான் சுவரைப் பிடித்து ஏறி, இடுப்பில் மெல்ல மிதித்து இறங்குவேன். "பரவால்லீங்க, புள்ளைக்கு நல்ல காலு" என்று சொல்லி, சாக்லெட் கொடுத்துவிட்டுப் போவார்கள். படிப்பில் எனக்கு இப்படி ஒரு பேர் கிடைத்ததே இல்லை. அப்பா வேலை பார்த்த நிட்டிங் கம்பெனியின் மேனேஜர்கூட ஒரு தடவை வந்து படுத்தார். பெரிய உடம்பு, கால் வழுக்கிக்கொண்டே இருந்தது.

அந்தக் கம்பெனி நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருந்தது. மெஷினிலிருந்து இறங்கும் துணி ரோல்களைத் தோளில் தூக்கிப்போய் மாடிக் குடோனில் அடுக்குவது அப்பாவின் வேலை. லிஃப்ட் உண்டு. ரிப்பேராகிக் கிடந்தது, அதைச் சரிசெய்ய யாருக்கும் அவசரமில்லை. ஒருநாள் ரோலோடு படியேறும்போது இடுப்பில் மளுக்கென்று ஏதோ ஆகி, அப்பா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம் என்று கூட இருந்தவர்கள் சொன்னதற்கு மேனேஜர் சிரித்திருக்கிறார்.

"ஆசுபத்திரி எதுக்கப்பா? ஊட்லயே டாக்டர வெச்சிருக்கற. உன்ர புள்ளைய மிதிக்கச் சொல்லு, காலைல எந்திரிச்சு வந்துருவ."

கம்பெனி வேனிலேயே கொண்டுவந்து இறக்கினார்கள். நானும் பெருமையாக ஏறி மிதித்தேன். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, "போதும் கண்ணு" என்றார். காலையில் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. இடது கால் மரத்துப்போயிருந்தது. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி, ஸ்கேன் எல்லாம். முதுகெலும்பில் சவ்வு பிதுங்கிவிட்டது, இனி பாரமே தூக்கக் கூடாது என்றார் டாக்டர்.

பாரம் தூக்காத ஆளுக்கு அந்தக் கம்பெனியில் என்ன வேலை? நஷ்டஈடு கேட்டு அப்பா வழக்குப் போட்டார். ஆரம்பித்தது கூத்து. இவர் எங்கள் ஆளே இல்லை, காண்ட்ராக்டில் வந்தவர் என்றது கம்பெனி. காண்ட்ராக்டர் போனை எடுக்கவில்லை. பிறகு, எங்கள் ஆள்தான், ஆனால் அன்றைக்கு அவர் ரோல் தூக்கவே இல்லை என்றது. அதுவும் போய், தூக்கினார்தான், ஆனால் அது பழைய வலி என்றது. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு வாய்தா. உட்கார முடியாத மனுஷரைத் தொழிலாளர் அலுவலகத்துப் பெஞ்சில் உட்காரவைத்து, சாயங்காலம் அதிகாரி லீவு என்று அனுப்புவார்கள். இடுப்பு போனதுக்கு நஷ்டஈடு வாங்க இன்னொரு இடுப்பு வேண்டும் போலிருக்கிறது என்று அம்மா அலுத்துக்கொள்வாள்.

கடைசியில் அந்த மேனேஜர் சாட்சிக்கு வந்தார். கம்பெனியில் நடந்தது வெறும் பிடிப்புதான், வீட்டில் பிள்ளையை ஏற்றி மிதிக்கவிட்டதில்தான் சவ்வு பிதுங்கியது, அந்தப் பிள்ளை எப்படி மிதிக்கும் என்று எனக்கே தெரியும் என்று கூசாமல் சொன்னார். மிதிக்கச் சொன்னதே இவர்தான் என்று அப்பா கத்தினார். அதற்குச் சாட்சி இருக்கிறதா என்று கேட்டார்கள். கூட இருந்தவர்கள் எல்லாரும் இன்னும் அங்கேயே வேலை பார்க்கிறவர்கள். எவன் வருவான்? இப்போது நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

எங்கள் வக்கீல் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பாப்பாவ விசாரிக்கணும்னு அவங்க வக்கீல் மனுப் போட்டிருக்காருங்க. அடுத்த வாய்தாவுக்குக் கூட்டிட்டு வாங்க. நான் மிதிக்கவே இல்லைன்னு பாப்பா ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்."

எனக்கு வந்ததே கோபம்! நானா மிதிக்கவில்லை? மேனேஜரையே மிதித்தவள் நான். அதிகாரி முன்னால் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். எங்கே கால் வைத்தேன், எப்படி அழுத்தினேன், யார் யாருக்குச் சரியாகிப் போனது, எல்லாவற்றையும். பொங்கலுக்கு எடுத்த பாவாடையைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். பாயில் படுத்திருந்த அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாய்தா அன்று என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு அப்பா தனியாகப் போனார். கம்பெனி தருகிறேன் என்ற தொகைக்கே ஒத்துக்கொண்டு, வழக்கை முடித்துவிட்டு வந்தார். வைத்தியத்துக்கு வாங்கிய கடனுக்கே அது காணாது. அம்மாவுக்கு ஆறவில்லை.

"இத்தன அலச்சலும் அலஞ்சு போட்டு, ஏனுங்க இப்புடிப் பண்ணீட்டு வந்தீங்க? புள்ள ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமல்லோ?"

"அவ சொல்றது கெடக்குது. அவனுக அவளப் பத்திச் சொல்றத அவ காதால கேட்டாகோணுமல்லோ" என்றார் அப்பா.

எனக்கு அது விளங்கவும் இல்லை, விளங்கிக்கொள்ளும் பொறுமையும் இல்லை. அதிகாரியிடம் பேசப் போகிறேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். மானம் போய்விட்டது. சாப்பிட வரமாட்டேன் என்று மூலையில் உட்கார்ந்துகொண்டேன். அப்பா படுத்தபடியே கூப்பிட்டார்.

"கோவமா கண்ணு?"

"எல்லாம் உங்களாலதானுங்கப்பா. நான் வந்திருந்தா நாம ஜெயிச்சிருப்போம்."

"ஆமாஞ் சாமி" என்றார் அப்பா. "தப்பு என்ர மேலதான்."

ஒத்துக்கொண்டாரே என்று எனக்கு மனசு ஆறிவிட்டது. போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன். என் மேல் விழ இருந்ததைத்தான் அவர் எடுத்துத் தன் மேல் போட்டுக்கொண்டார் என்பது தெரியாமல், அம்மா எதற்கு இப்படி அழுதுகொண்டே பரிமாறுகிறாள் என்ற எரிச்சலோடு, இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டேன்.