பதினோரு புளியங்கொட்டை

சங்கிலியம்மாளுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. எனக்கும் அவளைப் பிடிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அனுமந்தன்பட்டியில் எங்கள் சுகாதாரத் திட்டத்தின் ஊர்ப் பணியாளர் அவள். திராட்சைத் தோட்ட வேலை முடிந்ததும் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை எடை போடுவாள். நான் ஞானசெல்வி, தேனி பஜார் கடைக்காரர் மகள். திட்டத்தை மதிப்பிட எண்பத்தாறாம் வருடம் ஆனியில் வந்த குழுவில் எழுத்து வேலை எனக்கு. வந்த அன்றே, எதை அளக்க வந்தீர்கள் என்று வெடுக்கென்று கேட்டாள்.

ஊரே மதிப்பிட வேண்டும், யாருடைய வேலையை மதிப்பிடுகிறோமோ அவர் வாய் திறக்கக் கூடாது என்பது குழுத் தலைவர் ஜேசுராஜ் வைத்த விதி. சாவடியில் பெண்கள் கூடினார்கள். சங்கிலியம்மாள் மூலையில் தனியாக உட்கார்ந்தாள். போன வருடம் நோய் வந்து படுத்த பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு புளியங்கொட்டையைத் தட்டில் போடச் சொன்னோம். கேள்வியை எழுதியது நான். எளிமையாக எழுதிவிட்டேன் என்று பெருமை வேறு.

தட்டில் விழுந்தது இரண்டே கொட்டை. இரண்டும் வயிற்றுப்போக்கு. ஜேசுராஜுக்கு வாயெல்லாம் பல். தட்டம்மை ஊசி குறைவாகத்தான் வருகிறது, நோய் அதிகமுள்ள ஊர்களுக்கே முதலில், இந்த ஊருக்கு இப்போது தேவையில்லை என்றார். நானும் அப்படியே எழுதினேன்.

சங்கிலியம்மாள் எழுந்து வந்தாள். பேசக்கூடாது என்று நான் தடுத்தேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மிச்சக் கொட்டைகளை அள்ளி, ஒவ்வொரு பிள்ளையின் பெயராகச் சொல்லித் தட்டில் போட்டாள். மாசியிலும் பங்குனியிலும் வாசலில் வேப்பிலை செருகி, தாளிக்காமல் சமைத்த வீட்டுப் பிள்ளைகள் பத்துப் பேர். பெண்கள் முகம் சுண்டியது. அம்மை வந்த வீட்டில் அம்மா வந்திருக்கிறாள் என்றுதான் சொல்வார்கள். அதை நோய் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

"ஆத்தாளப் போயி நோயிங்கிறியே, ஒன் வாய் அழுகிப் போகும்" என்றாள் அய்யம்மாள்.

சங்கிலியம்மாள் பதினோராவது கொட்டையைப் போட்டாள். "இது எம் மக பாண்டியம்மா. அவளக் கொண்டுபோனது நோயிதான். ஆத்தா இல்ல."

அதன்பின் அந்த ஊரில் யாரும் அவளோடு பேசவில்லை. அடுத்த சித்திரையில், வீரபாண்டி அம்மன் கோயிலில் தீச்சட்டி எடுக்க அவளை ஊரோடு சேர்க்கவில்லை. தனியாகப் போய் எடுத்துவிட்டு வந்தாள்.

அன்றைய கணக்கை வைத்து அறிக்கையைத் திருத்தி எழுதியிருந்தோம். ஊசி வந்தது அந்த வைகாசியில், நானும் உடன் போயிருந்தேன். பெண்கள் எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், அய்யம்மாள் முதல் ஆளாக. பட்டியலோடு நின்ற சங்கிலியம்மாளிடம் ஒருத்தியும் பிள்ளையின் பெயரைச் சொல்லவில்லை. அவளைத் தாண்டி வந்து என்னிடம் சொன்னார்கள். அவள் கேட்காதவள் போல ஒவ்வொரு பெயராகக் குறித்தாள்.

முடிந்ததும் அருகில் போய், என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். அவள் பட்டியலை என் கையில் திணித்தாள்.

"ஒனக்குக் கேக்கத் தெரியல. அதுக்கு நான் ஊர்ப்பகை வாங்குனேன். அடுத்த ஊர்லயாச்சும், அம்மா வந்தாளான்னு கேளு."

போய்விட்டாள். பட்டியலில் நாற்பத்து மூன்று பிள்ளைகள். பாண்டியம்மாளின் பெயர் இருக்க வேண்டிய வரியை மட்டும் காலியாக விட்டிருந்தாள்.