மூடிக்குக் காத்திருந்த உலை

பாட்டில் தொழிற்சாலையில் அவருக்கு நெருப்புக்கோழி என்று பேர். கழுத்து நீளம்; நிற்பதோ உலைக்கு முன்னால். நீலக் கண்ணாடித் துண்டைக் கண்ணில் வைத்துக்கொண்டு, உருகிய கண்ணாடி தேனாகப் புரள்வதைப் பார்த்து நிற்கப் பத்தொன்பது வருஷமாகச் சம்பளம் வாங்கினார். உலைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அணைத்தால் உள்ளே இருப்பது பாறையாக இறுகிவிடும், சுவர் பிளந்துவிடும். புதிதாகத்தான் கட்ட வேண்டும். முதலாளி கட்டுகிற வயதைத் தாண்டியவர்.

எங்கோ இரண்டு அரசாங்கங்கள் முறைத்துக்கொண்டன. வர்த்தகத் தடை வந்தது. பட்டியலில் பாட்டில் இல்லை. மருந்தைக்கூட மனிதாபிமானத்தோடு விட்டுவைத்திருந்தார்கள். மூடிக்குள் ஒட்டும் ரப்பர் வில்லை மட்டும் மாட்டிக்கொண்டது. வில்லை இல்லாமல் மூடி இல்லை. மூடி இல்லாமல் இருமல் மருந்துக் கம்பெனி இழுத்து மூடியது. அங்கே லேபிள் ஒட்டிய அவர் மனைவி வீட்டுக்கு வந்துவிட்டாள். வாங்க ஆளில்லாத பாட்டில்கள் முற்றத்தில் குவிந்தன. காற்றடித்தால் அத்தனை வாய்களும் சேர்ந்து ஊதும். தொழிற்சாலையே தூக்கத்தில் முனகுவது போலிருக்கும்.

"வைக்க இடமில்ல, மணலோட சேத்து உருக்குற சோடா உப்பும் தீரப்போகுது. வெள்ளிக்கிழமை உலைய அணைச்சிடலாம்" என்றார் மேனேஜர்.

"கிடக்குற பாட்டிலையே உடைச்சு உலைக்குள்ள போடலாமே சார். மணலும் வேணாம், உப்பும் வேணாம். வெளிய வர்றத மறுபடி உடைப்போம்."

"உடைக்கிறதுக்காகச் செய்யறதா? பைத்தியம்னு சொல்வாங்கய்யா."

"ஊரே இருமுது, மருந்து டிரம்முல கிடக்கு. நம்மள மட்டுமா சொல்வாங்க?"

மேனேஜர் முதலாளியைப் பார்த்துவிட்டு வந்தார். "மூணு மாசம். அதுக்கு மேல எரிவாயு கிடையாது. உடைக்க ஆள் பாரு."

ஆள் வீட்டிலேயே இருந்தாள். மறுநாள் கையுறையும் சுத்தியலுமாக முற்றத்தில் நின்றாள்.

"ஒரு டம்ளர் உடைஞ்சதுக்கு எத்தன வருஷம் குத்திக் காட்டினீங்க!"

"பாத்து உடைம்மா."

"கையச் சொல்றீங்களா, பாட்டிலச் சொல்றீங்களா?"

அவர் செய்தார், அவள் உடைத்தாள். தொழிற்சாலை அவ்வளவு உழைத்ததுமில்லை, அவ்வளவு குறைவாகச் செய்ததுமில்லை. பாட்டில் குவியல் சில்லுக் குவியலாகி, முற்றத்தின் முனகலும் மெல்ல அடங்கியது.

பதினோராவது வாரம், வேறொரு நாட்டின் முத்திரையோடு அதே வில்லை வந்திறங்கியது. மருந்துக் கம்பெனியிலிருந்து போன்: "பாட்டில் இருக்கா?"

"காலைல வரைக்கும் இருந்துச்சு" என்றார் நெருப்புக்கோழி. "சாயங்காலம் வாங்க, இருக்கும்."

போனை வைத்த பிறகு உலையிலிருந்து முதல் பாட்டில் சிவந்து நழுவி வந்து, மெல்லத் தெளிந்தது. சுத்தியலை ஓங்கியிருந்த மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையசைத்தார், வேண்டாமென்று.