தோட்டக்காரனுக்காக அழுதவர்கள்

பட்டன் அக்காவுக்குப் பட்டன் தைக்க வராது. அவள் தைத்த பட்டன் ஒரு துவைப்பைத் தாண்டியதில்லை. ஆனாலும் தையல்கடையில் மாஸ்டர் அவளை விடவில்லை. குரல் அப்படி.

மதியச் சாப்பாடு முடிந்ததும் மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் கைவேலைக்கு உட்காருவார்கள். காஜா எடுப்பது, ஓரம் தைப்பது, ஹூக் வைப்பது. அந்த நேரத்தில் அக்கா நாவல் வாசிப்பாள். அவள் பங்குப் பட்டன்களை மற்றவர்கள் பிரித்துக்கொள்வார்கள். பட்டன்களுக்கும் அது நல்லது.

அப்போது ஓடிக்கொண்டிருந்தது அக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்த, அட்டை போன பழைய நாவல். ஊருக்குப் புதிதாக வந்த தோட்டக்காரன்மேல் கொலைப்பழி. அவன் செய்யவில்லை என்று படிப்பவருக்குத் தெரியும். நாவலில் உள்ள ஊருக்கு அவன் முகமே சாட்சியாகப் போதும். கடை மொத்தமும் தோட்டக்காரன் கட்சி. அதிகம் அழுகிறவர் மாஸ்டர்தான்.

"பாவிங்க, விசாரிக்காமலே முடிவு கட்டிட்டாங்களே!"

"மாஸ்டர், மூக்கைக் கோட்டுல துடைக்காதீங்க. அது கஸ்டமர் கோட்டு."

தீர்ப்புக்கு முந்தைய பக்கத்தில் அக்கா அன்றைய வாசிப்பை நிறுத்தினாள். சாயங்காலம் மாஸ்டரின் நூல் வெட்டும் சின்னக் கத்தரியைக் காணவில்லை. மாமனார் கொடுத்தது. மாமனாரைவிட அதன்மேல் அவருக்கு மரியாதை.

எல்லாக் கண்களும் இஸ்திரி மேஜைக்குப் போயின. அங்கே நின்றவன் சமீபத்தில் சேர்ந்தவன். 'புதுசு' என்றுதான் கூப்பிடுவார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறான். அந்தப் பக்கத்து ஆட்களைப் பற்றி எல்லோருக்கும் எல்லாம் தெரியும். யாரும் அங்கே போனதில்லை.

பையைக் கொட்டச் சொன்னார்கள். காலி டப்பா, ஒரு சட்டை. கத்தரி கிடைக்காததும் அவனுக்கு எதிராகவே போனது.

"அப்பவே வெளிய கடத்தியிருப்பான்."

"நான் எடுக்கல மாஸ்டர். வீட்டுல என் சம்பளம் மட்டும்தான்."

"நாளையிலிருந்து வராதே."

அக்கா நாவலைத் தன் பைக்குள் வைத்தாள். பையை இறுக்கி மூடினாள்.

மறுநாள் மதியம் எல்லோரும் தீர்ப்புக்காக வட்டமாக உட்கார்ந்தார்கள். அக்கா புத்தகத்தை எடுக்கவில்லை.

"என்னக்கா, தொண்டை கட்டிக்கிச்சா?"

"தோட்டக்காரன்தான் கொன்னிருப்பான்னு தோணுது."

"ஐயோ, அவன் அப்பாவிக்கா!"

"யார் கண்டா? அவனும் ஊருக்குப் புதுசு. முகமும் ஒரு மாதிரி."

மாஸ்டர் கனைத்தார். "கதை வேற, கடை வேறம்மா."

"அப்ப கடையைப் பாருங்க. அந்தத் தம்பி வர்ற வரைக்கும் வாசிப்பு கிடையாது."

"உன்னையும் அனுப்பிடுவேன்."

"அனுப்புங்க. புத்தகம் என்னோடது, தீர்ப்பும் என்கூடவே வந்துடும்."

அவள் ஊசியை எடுத்து ஒரு சட்டையில் பட்டன் வைக்க ஆரம்பித்தாள். கடை பதறிவிட்டது.

"அக்கா, பட்டனை மட்டும் தொடாதீங்க!"

முந்தின நாள் மாஸ்டர் மூக்கைத் துடைத்த அந்தக் கஸ்டமர் கோட்டைச் சாயங்காலம் கொடுத்தாக வேண்டும். இஸ்திரி போட ஆள் இல்லாததால் மாஸ்டரே பெட்டியைப் பிடித்தார். கோட்டின் கீழோரத்தில் பெட்டி எதிலோ இடித்தது. மறுபடி தேய்த்தார். மறுபடி இடித்தது. தையலைப் பிரித்தார். உள்துணிக்கும் கோட்டுக்கும் நடுவே மாமனார் கொடுத்த கத்தரி படுத்திருந்தது. தைத்தவர் அவரேதான். அக்கா தோட்டக்காரனைக் கூண்டில் ஏற்றியதை வாசித்தபோது அழுதுகொண்டே தைத்த இடத்தில் தையல் கோணலாகப் போயிருந்தது.

மாஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டு தானே பாலத்தைக் கடந்தார். புதுசு வீடு எது என்று கேட்டால் அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. அங்கே அவன் பிறந்ததிலிருந்து இருக்கிறான்; யாருக்கும் புதுசு இல்லை. இஸ்திரி போடுகிற பையன் என்று சொல்லித்தான் வீட்டைக் கண்டுபிடித்தார். திரும்பி வந்தவர், "அதுவும் நம்ம தெரு மாதிரிதான் இருக்கு" என்றார், கொஞ்சம் ஏமாற்றமாக.

அடுத்த நாள் அவன் மேஜைக்கு வந்துவிட்டான். மதியம் தலை நிமிராமல் கேட்டான்: "தோட்டக்காரனுக்கு என்னக்கா ஆச்சு?"

"நீ இல்லாம வாசிக்கல தம்பி."

வாசித்தாள். பிரித்துப் பார்க்க அந்தக் கதையில் உள்துணி எதுவும் இல்லை. தூக்குதான். மாஸ்டரின் கண்கள் நிறைந்தன. மடியில் இன்னொரு கோட்டு.

இஸ்திரி மேஜையிலிருந்து ஒரு கை நீண்டது.

"மாஸ்டர், கத்தரியை முதல்ல இப்படிக் குடுங்க. அப்புறம் அழுங்க."

கொடுத்தார்.